ஐரிஷ் ஜே15 மாடலுக்கு 21 மி.மீ. அச்சு: வியாசர்பாடி கடைசல் பட்டறை எப்படி?

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனை ஒட்டிய சந்து ஒன்றில் இரண்டு லேத் போட்ட சின்னப் பட்டறை இது. பம்பு ஷாஃப்ட், புஷ், மோட்டார் வேலைதான் பிழைப்பு. 4 மி.மீ. அளவில் (நிஜத்தின் ஓர் அடி மாடலில் 4 மி.மீ.) ஐரிஷ் மாடல் ரயில் இன்ஜின் கட்டுபவர்கள் நம்பிக் கொடுக்கக்கூடிய வேலை இங்கே இரண்டு உண்டு: இன்ஜின் அச்சு (இரு சக்கரங்களை இணைக்கும் தண்டு) வெட்டுவது, தண்டவாள அளவுகோல் கடைவது. சக்கரம் ஏற்றும் வேலையை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

அயர்லாந்தின் அகலப்பாதை 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலத்திலும், டப்ளின்–ட்ராகெடா 5 அடி 2 அங்குலத்திலும், அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலத்திலும் ஆளுக்கொரு அகலமாகப் போட்டுவிட்டார்கள். அரசின் ரயில்வே ஆய்வு அதிகாரி மேஜர் ஜெனரல் பாஸ்லி பொறியாளர்களைக் கலந்தாலோசித்து 5 அடி 3 அங்குலத்துக்கு வந்தார். 1846-ல் அது சட்டமானது. 4 மி.மீ. அளவில், அதாவது 1:76.2-ல், அது அச்சு அசலாக 21 மி.மீ. கடையில் கிடைக்கும் ஓஓ என்ற வழக்கமான மாடல் தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். அதைத் திருப்பிப் பெருக்கினால் நிஜத்தில் 4 அடி 1½ அங்குலம். ஐரிஷ் இன்ஜினை அதில் நிறுத்தினால் ஓரடிக்கும் மேல் அகலம் போய்விடுகிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது. முன்னால் குனிந்து பஃபர் பலகைக்கு (இன்ஜின் முகப்பின் குறுக்குப் பலகை) கீழே பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் இந்த விமர்சனத்தின் கட்சி.

முதல் கிட்டுக்கு (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் மாடல்) ஜே15 எடுப்பது நல்லது. இது கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 101 வகுப்பு நீராவி இன்ஜின். அலெக்சாண்டர் மெக்டொனல் காலத்து வடிவமைப்பு. 1866 முதல் 1903 வரை 111 இன்ஜின்கள். அயர்லாந்தில் எண்ணிக்கையில் இதை மிஞ்சிய வகுப்பு இல்லை. சரக்குக்கென்று பிறந்து கிளைப்பாதைப் பயணி வண்டிகள் வரை இழுத்தது. 1879-ல் ஷார்ப் ஸ்டூவர்ட் கட்டிய 186-ம், 1880-ல் டப்ளின் இஞ்சிகோர் பணிமனையில் கட்டிய 184-ம் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கட்டுபவருக்கு இதில் பெரிய வசதி, சிலிண்டர் உள்ளே இருப்பது. வெளியே சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடு மட்டும்தான். நீராவியைத் திறந்து மூடும் வால்வ் கியரின் தொல்லை வெளியே கிடையாது. எந்தக் காலத்து இன்ஜின் என்று மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 184-க்கு உருண்ட தலை நெருப்புப் பெட்டி (ஃபயர்பாக்ஸ்), 186-க்குப் பெல்பேர் எனப்படும் சதுரத் தோள் வகை. ஆரம்ப காலத்தில் புகைப்பெட்டிக்கு இரட்டைக் கதவு, பிறகு ஒற்றை வட்டக் கதவு. கலந்து கட்டினால் எந்த ஆண்டுக்கும் பொருந்தாது.

இனி பட்டறைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய கணக்கு. ஈஎம் என்ற மாடல் பாதைத் தரத்து விளிம்புள்ள சக்கரம் என்றால் 18.2 கேஜுக்கு (பாதை அகலம்) உள்முக இடைவெளி, அதாவது இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே, 16.5; வித்தியாசம் 1.7. அதையே 21-ல் கழித்தால் 19.3 மி.மீ. இதோடு இரண்டு சக்கரத்தின் குடத் (அச்சு நுழையும் நடுப்பகுதி) தடிமனைக் கூட்டினால் அச்சு நீளம் வரும். குடம் 2.4 என்றால் 24.1. குடத்தை வெர்னியர் வைத்து அளந்தே எழுதுங்கள், கேட்டலாகை நம்ப வேண்டாம். இன்ஜின் சக்கரம் நிஜத்தில் 5 அடி 1¾ அங்குலம், மாடலில் 20.6 மி.மீ. அழுத்திப் பொருத்தும் சக்கரமாக வாங்குங்கள். சதுர முனையில் திருகு போடும் வகைக்கான அச்சு இந்தப் பட்டறையில் ஆகாது. அந்தச் சதுரத்தை இரு முனையிலும் ஒரே கோணத்தில் எடுக்க இவர்களிடம் வசதி இல்லை. சேசிஸின் குறுக்குத் தகடுகளையும் மாற்ற வேண்டும்: சட்டத் தகடு 0.5 மி.மீ. என்றால் நடுத்தகடு 17.3, வெளி அகலம் 18.3, பக்கத்துக்கு அரை மில்லி ஆட்டம்.

கம்பியை நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் சில்வர் ஸ்டீல் கேட்கலாம். அச்சு விட்டம் ஒரு நூல், அரைக்கால் இஞ்சு, 3.175 மி.மீ. கடையில் பேச்சுவாக்கில் 3 மி.மீ. கம்பியை எடுத்து நீட்டிவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு நூல் புஷ்ஷில் 3 மி.மீ. அச்சு போட்டால் 0.175 கடகடக்கும், இன்ஜின் நண்டு மாதிரி நடக்கும். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் கிட்டில் வந்த புஷ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

பட்டறையில் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அண்ணே, ஒரு நூல் கம்பி, 24.1 நீளம், மூணு பீஸ். ரெண்டு முனையிலும் 0.3 சாம்பர். மேல எமரி போட வேண்டாம்.” சாம்பர் என்றால் முனையின் விளிம்பைச் சாய்வாகச் சீவுவது. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பையன் பளபளப்பாகக் கொடுக்கவேண்டும் என்று நல்லெண்ணத்தில் எமரி தாளைச் சுற்றித் தேய்ப்பான், விட்டத்தில் 0.02 போனாலும் சக்கரம் பிடிப்பு இழந்து சுற்றும். “பிராட்கேஜ்” என்றும் சொல்லாதீர்கள். பெரம்பூர் வட்டாரத்தில் பிராட்கேஜ் என்றால் 1676 மி.மீ., 4 மி.மீ. அளவில் 22. அந்த ஒரு மில்லி வித்தியாசத்தில் அச்சு வீணாகும். எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

வந்த அச்சுகள் எப்படி? நீளம் மூன்றும் 24.08-க்கும் 24.12-க்கும் நடுவே. மேற்பரப்பில் சக்கின் (லேத்தில் கம்பியைப் பிடிக்கும் பிடி) தாடைத் தடம் இல்லை. மெல்லிய பித்தளைத் தகடு சுற்றிப் பிடித்திருக்கிறார்கள், கேட்காமலேயே. சாம்பரும் சீர். இந்தச் சாம்பர் அழகுக்காக அல்ல. முனை கூராக இருந்தால் சக்கரத்தின் பிளாஸ்டிக் துளையைச் சீவிக்கொண்டே உள்ளே போகும். அச்சின் ஓரத்தில் வெள்ளைச் சுருள் ஒன்று வெளியே வரும். அதைக் கண்டாலே அந்தச் சக்கரம் முடிந்தது.

நீளம் இவ்வளவு முக்கியம் ஆவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கிராங்க் (சக்கரத்தில் ராடு மாட்டும் இடம்) முன்னும் பின்னும் கிடையாக வரும்போது கப்ளிங் ராடு நடு அச்சின் முனைக்கு நேர் எதிரே கடக்கும். அச்சு சக்கர முகத்தைத் தாண்டி துளி நீட்டியிருந்தாலும் ராடில் உரசி, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இன்ஜின் திக்கும். பலர் இதை இடது வலது கிராங்குகளுக்கு நடுவே இருக்க வேண்டிய 90 டிகிரி கோணத்தின் பிழை என்று நினைத்துச் சக்கரத்தைக் கழற்றிக் கழற்றிப் போட்டே துளையைத் தளர்த்திவிடுகிறார்கள். முதலில் அச்சு முனையில் பேனா மையைத் தொட்டு வைத்து ஓட்டிப் பாருங்கள். ராடின் பின்பக்கம் மை ஒட்டினால் குற்றவாளி நீளம்தான்.

சக்கரம் ஏற்றுவது ஏன் கூடாது? அங்கே சுத்தியலால் தட்டித்தான் ஏற்றுவார்கள். பம்பு புல்லிக்கு அது சரி. இங்கே சக்கரம் கோணலாக ஏறும், இடது வலது கிராங்குகளின் 90 டிகிரியும் மூன்று அச்சுக்கு மூன்று விதமாக நிற்கும். வீட்டில் ஜிக் (சக்கரத்தைச் சரியான கோணத்தில் பிடிக்கும் தாங்கி) வைத்து, வைஸில் மெல்ல அழுத்தி ஏற்றி, ஓட்டம் சரியென்று கண்ட பிறகு சக்கரம் நழுவாமல் பிடிக்கும் ரிடெய்னர் பசை ஒரு சொட்டு விடுங்கள்.

டெண்டரின் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) மூன்று அச்சில்தான் பட்டறை சறுக்குகிறது. அவை 2 மி.மீ. ஊசிமுனை அச்சுகள். வழக்கமான 26 மி.மீ. நீளத்தில் சக்கரத்தை வெளியே இழுத்தால் பக்கத்துக்கு ஒரு மில்லிதான் மிஞ்சும், பேரிங் கோப்பைக்குப் போதாது, 28 வேண்டும். நீளம் சரியாகக் கொடுத்தார்கள், முனை சரியில்லை. கோப்பையின் கூம்பைவிட அச்சு முனை கூராக இருந்து நுனி மட்டும் தொட வேண்டும். வந்தவை மழுங்கல், கடைந்த வரியும் அப்படியே. விரலால் சுண்டினால் இரண்டு சுற்றில் நின்றுவிட்டன. இதைத் தயாராகவே வாங்கிவிடுங்கள்.

பட்டறையின் சிறந்த வேலை பித்தளை அளவுகோல். 21 மி.மீ. தண்டவாளத்தைக் கையால்தான் போட வேண்டும், தாமிரத்தகடு ஒட்டிய கட்டைகளில் தண்டவாளக் கம்பியைப் பற்றவைத்து. அதற்கு ஓர் உருளை, அதில் இரண்டு பள்ளம்; பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடு துல்லியமாக 21.0. தண்டவாளத் துண்டு ஒன்றைக் கொடுத்தால் அதன் தலைக்கு ஏற்பப் பள்ளம் வெட்டுகிறார்கள், கம்பி சாயாமல் நிற்கிறது. மூன்று வாங்கினால் நேர்ப்பாதைக்குப் போதும். வளைவில் சற்று அகலம் வேண்டும் என்பதால் 21.2-ல் ஒன்று தனியாகச் சொல்லுங்கள்.

அச்சு மூன்றும் 350 ரூபாய், அளவுகோல் ஒன்று 400, பித்தளை அவர்களுடையது. அவசர பம்பு வேலை வந்தால் உங்கள் வேலை ஓரமாகப் போகும், நான்கு நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் மேஸ்திரி நின்று பேசுவார். வாங்கிய அச்சுகளை அன்றே மெல்லிய எண்ணெய் தடவிப் பொட்டலம் கட்டுங்கள். பெயரில்தான் சில்வர், உள்ளே வெள்ளி கிடையாது. ராயபுரம், காசிமேடு கடல்காற்றுக்கு ஒரே வாரத்தில் செந்துரு பூத்துவிடும்.