ஆட்டோகேடில் மேலெழுத்து: ஸ்டாக்கா, யூனிகோடா?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் மீ² போட வேண்டும். எம்டெக்ஸ்டில் (பலவரி எழுத்து) ஸ்டாக் செய்வதா, அதாவது சாதாரண 2-ஐச் சுருக்கி மேலேற்றுவதா, யூனிகோடில் உள்ள ² குறியையே நேராக இடுவதா?

போடும் விதம்
ஸ்டாக்: 2^ என்று அடித்து, அதைத் தேர்ந்தெடுத்து ஸ்டாக் கொடுத்தால் மேலேறும், ^2 என்றால் கீழிறங்கும். (கூரைக்குறி எந்தப் பக்கம் என்று இன்றும் ஒரு கணம் யோசிப்பேன்.)
யூனிகோடு: விண்டோஸில் ஆல்ட் விசையோடு எண்பலகையில் 0178. ³ குறிக்கு 0179.

இடம்
ஸ்டாக்: ஒற்றைவரி டெக்ஸ்டில் நடக்காது.
யூனிகோடு: இரண்டிலும் நடக்கும்.

எழுத்துரு
யூனிகோடு காலை வாருவது இங்கேதான். ஆட்டோகேடின் சொந்த வகையான எஸ்ஹெச்எக்ஸ் (SHX) எழுத்துருவில் அந்தக் குறி இல்லையென்றால் கேள்விக்குறியோ கட்டமோதான் தெரியும். ₂ போன்ற கீழெழுத்துகளில் இந்தத் தொல்லை அதிகம். உங்கள் கணினியில் சரியாக இருந்தது, கோப்பை வாங்குபவரிடம் எழுத்துரு மாறினால் கெட்டுப்போகலாம்.
ஸ்டாக் சாதாரண 2-ஐத்தான் சுருக்கி வைக்கிறது, அதனால் இந்தக் கவலை இல்லை. அளவு இயல்பாக 70 சதவீதம். ஸ்டாக் பண்புகளில் மாற்றலாம்.

எக்ஸ்ப்ளோடு
ஸ்டாக்: எம்டெக்ஸ்டை இந்தக் கட்டளையால் உடைத்தால் 2 தனித் துண்டு.
யூனிகோடு: வரியோடு ஒட்டியே இருக்கும்.

ஒற்றைவரி லேபிளில் ², ³ மட்டும் போதுமென்றால் யூனிகோடு. வேதி வாய்பாடு, டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வேறுபாடு), எழுத்துகளே கீழிறங்க வேண்டிய குறியீடுகள் என்றால் யோசிக்காமல் ஸ்டாக்.