திருப்பூரில் ஒரு வலி சிகிச்சை மையம்: சில குறிப்புகள்

பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கும் என் அக்காவும், சாயப்பட்டறையில் வேலை செய்யும் மாமாவும் தோள்வலிக்காகத் திருப்பூரில் ஒரு வலி சிகிச்சை மையத்தில் சிகிச்சை பெற்றனர். வலி ஒரே இடத்தில்தான் என்றாலும், மருத்துவர் இருவரையும் ஒரே கேள்விகளோடு அனுப்பிவிடவில்லை. தூக்கம், தலைவலி, மாதவிடாய் நாட்களில் வலி கூடுகிறதா என்பதையெல்லாம் அக்காவிடம் பொறுமையாக விசாரித்தவர், "அதெல்லாம் பழகிப்போச்சுங்க" என்று அவர் மழுப்பியபோதும் விடாமல், வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று மறுபடியும் கேட்டார். கையைத் தூக்கவே முடியாத மாமா சொன்ன மதிப்பெண் இரண்டு! (ஆண்பிள்ளை என்றால் குறைத்துத்தான் சொல்ல வேண்டும் போலும்.)

இந்த நுணுக்கம் தேவையானதே. ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு அதிகம். எனினும் வலி ஆய்வுகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண் எலிகளைக் கொண்டே நடந்தன. நரம்புக் காயத்துக்குப் பின் வரும் வலியில் ஆண் எலிகளிடம் மைக்ரோக்ளியா (மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நோய் எதிர்ப்புச் செல்கள்) ஆற்றும் பங்கைப் பெண் எலிகளிடம் வேறு நோய் எதிர்ப்புச் செல்கள் ஆற்றுவதாக 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

குறையும் உண்டு. மாலையில் பெண் பிசியோதெரபிஸ்ட் இருப்பதில்லை; ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் அரைநாள் கூலியை இழந்து காலையில்தான் வர வேண்டியிருக்கிறது. கட்டண விவரமும் கேட்டால்தான் சொல்கிறார்கள்.