தனி நிரையா, கூட்டுக் கணக்கா, பங்கு மலையா?

தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மலையில் ஒரு நாளின் உழைப்பை யார் பெயரில் எழுதுவது என்பது கணக்கப்பிள்ளையின் ஏட்டோடு முடிந்துவிடும் காரியமல்ல. பறிப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கும் தாயின் மகனாக வளர்ந்தவன் என்ற முறையில், இன்று மலையகத்தில் பேசப்படும் மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலாவது, பழகிய தனிக் கணக்கு. ஆளுக்கொரு தேயிலைச் செடி நிரை பிரித்துக் கொடுக்கப்படும். குறித்த கிலோ நிறுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப் பேர்; கூடினால் மேலதிகக் கிலோவுக்குக் காசு. 2021-இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாயாக, அதாவது அடிப்படை 900 ரூபாயும் படி 100 ரூபாயுமாக, உறுதியான பின்னர் பல தோட்டங்களில் சச்சரவு சம்பளத்தை விட்டு அந்தக் கிலோ அளவின் மேல் திரும்பியது. உழைப்பு மறையாமல் தராசில் தெரிகிறது என்பது இம்முறையின் பெரும் பலம். ஆனால் நல்ல நிரைக்கு நடக்கும் இழுபறியையும், எடைக்காக முற்றிய இலையைச் சேர்த்து இழுப்பதையும் அது கூடவே வளர்க்கிறது.

என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவின் நிரைக்கு அடுத்த நிரையில் முழங்கால் வலியோடு ஒரு பெரியம்மா நின்றார். கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும் பாதையில், அம்மாவும் இன்னும் இருவரும் தங்கள் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை எடுத்து அவருடைய கூடையில் போடுவார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி அந்த நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அது மேலே தெரிந்துபோக, நான்கு பேருக்கும் அரைப் பேர் விழுந்தது. நான் அறிந்த மிகச் சிறந்த குழுவேலை அதுதான். ஏட்டில் அது குற்றமாகவே பதிவாயிற்று.

அப்படியானால் முழுக் கும்பலின் எடையையும் ஒன்றாக நிறுத்துச் சமமாகப் பங்கிடலாமே என்று இரண்டாவது வழியைச் சொல்பவர்கள் உண்டு. எண்ணம் நல்லது, ஆனால் ஆள் பெருகினால் அது நிற்காது. பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுக்க வைத்துச் செய்த சோதனைகளின் முடிவு 1913-இல் வெளிவந்தது: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைத்த பலம் தனியே இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். ஒரே நேரத்தில் இழுக்க முடியாமற்போவது ஒரு காரணம். தன் பங்கு கூட்டத்தில் தெரியாது என்ற தளர்வு இன்னொன்று. ஒவ்வொருவரின் பங்கும் தனியாகத் தெரியும் என்று அறிந்தால் இந்தத் தளர்வு பெரிதும் நீங்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நாற்பது பேர் நிற்கும் மலையில் இது எப்படிப் போய் முடியும் என்பதை, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு காலை நின்றவருக்கு விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, ஒரு துண்டு மலையைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை விலைக்கு எடுக்கும் பங்கு முறை. அடுத்த ரவுண்டிலும் அதே கைதான் அந்தச் செடிக்குத் திரும்பி வரும் என்பதால் இளந்தளிரை விட்டுவைக்கும் பொறுமை தானாகவே வருகிறது. செடிக்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஆளுக்குத்தான் ஆபத்து. நாட்பேர் விழும் தொழிலாளிக்குத் தொழில்வழங்குநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். பங்காளி என்று பெயர் மாறியதும் அந்தக் கடமை கைநழுவிப் போகலாம். வீட்டிலுள்ள முதியோரின் உழைப்பும் கணக்கின்றிக் கரைந்துவிடலாம்.

என் தெரிவு இவற்றின் நடுவே இருக்கிறது. நாட்பேரும் சேமலாப நிதியும் ஒவ்வொருவருக்கும் அப்படியே இருக்கட்டும். தாங்களே சேர்ந்துகொண்ட நான்கைந்து பேருக்கு ஒரு துண்டு மலையை நிலையாகக் கொடுத்து, ஒவ்வொரு கூடையையும் தனியாக நிறுத்து, கிலோ அளவையும் மேலதிகக் காசையும் மட்டும் அந்தச் சிறு குழுவின் மொத்தத்தில் கணக்கிட வேண்டும். அப்போது பெரியம்மாவின் குறைந்த எடை எல்லோருக்கும் தெரிந்தே அந்த ஐவரின் கணக்கில் சேரும். கங்காணி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை.