காஸியன் பிளரா, லென்ஸ் பிளரா? பின்னணியை மங்கலாக்க எது ஏற்றது?

படத்தின் பின்னணியை மங்கலாக்க வேண்டும் என்றதும் பெரும்பாலோர் காஸியன் பிளரைத்தான் நாடுகிறார்கள். ஃபோட்டோஷாப், கிம்ப் ஆகிய படத்திருத்த மென்பொருள்கள் இரண்டிலும் அது உண்டு. மங்கல் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதைக் குறிக்கும் ஆரத்தின் (radius) அளவைக் கூட்டிக் குறைத்தாலே வேலை முடிந்துவிடும். லென்ஸ் பிளரில் அமைப்புகள் அதிகம், நேரமும் பிடிக்கும். ஆயினும், லென்ஸில் ஒளி புகும் துளையான அபெர்ச்சரை அகலத் திறந்து எடுத்த படத்தின் தோற்றம் வேண்டுமெனில் அந்தக் கூடுதல் உழைப்பு வீண்போகாது என்பதே என் கருத்து.

காஸியன் பிளர், ஒரு பிக்சலைச் சுற்றியுள்ளவற்றோடு சேர்த்துச் சராசரி காணும்போது, அருகில் இருப்பவற்றுக்கு அதிக எடையும் தள்ளி இருப்பவற்றுக்குப் படிப்படியாகக் குறைந்த எடையும் தருவதால், ஓர் ஒளிப்புள்ளி விளிம்பே இல்லாத திட்டாகக் கரைந்துவிடுகிறது. உண்மையான லென்ஸிலோ ஃபோகஸுக்கு வெளியே விழும் புள்ளி, அபெர்ச்சரின் வடிவத்தை ஏற்று, விளிம்பு தெரியும் வட்டமாக விரியும். லென்ஸ் பிளர் பின்பற்றுவது இதைத்தான். ஃபோட்டோஷாப்பில் அந்த வடிவம் முக்கோணமா எண்கோணமா, அதன் பக்கங்கள் எவ்வளவு வளைய வேண்டும் என்பதைக்கூட நாமே முடிவு செய்யலாம்.

இரவுப் படங்களில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். பிரகாசத்தை 0 முதல் 255 வரையிலான எண்களில் பதியும் 8 பிட் படத்தில் ஒரு விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் 255 என்ற எண்ணைத் தாண்டிப் பதிவாகாது. அதைச் சுற்றியுள்ள இருட்டோடு சராசரியாக்கினால் மங்கிய சாம்பல் கறைதான் மிஞ்சும். லென்ஸ் பிளரில் ஒளிர்புள்ளிகளுக்கான வரம்பை 255-க்குச் சற்றுக் கீழே வைத்துப் பிரகாசத்தைக் கூட்டினால், விளக்குகள் மீண்டும் ஒளிவட்டங்களாக எழும். வரம்பை அதிகம் தாழ்த்தினால் வெள்ளைச் சட்டைகூட விளக்காகிவிடும், அளவு தேவை.

ஆழமும் முக்கியம். ஒரே ஆரத்தில் காஸியன் பிளரை இட்டால், நிற்பவரின் காலடி மண்ணும் தொலைதூர மலையும் ஒரே அளவில் மங்கி, ஆள் அந்தரத்தில் மிதப்பதுபோல் தோன்றும். லென்ஸ் பிளருக்கு, கருப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் வரைந்த ஆல்பா சேனலை (படத்தோடு சேமிக்கப்படும் கூடுதல் கருப்பு-வெள்ளை அடுக்கு), எந்த இடம் எவ்வளவு தொலைவு என்று காட்டும் ஆழ வரைபடமாகக் கொடுத்தால், காலடியில் தொடங்கும் மங்கல் தூரத்துக்கேற்பக் கூடிச் செல்லும்.

ஒரு குறை இரண்டுக்கும் பொது: கருங்கூந்தலின் நிறம் பின்னணியில் கசிந்து, தலையைச் சுற்றி நிழல்போல் படியும். காஸியனில் இது தவறாமல் தெரியும், லென்ஸ் பிளரிலும் முற்றாக மறையாது. பின்னணிக்கெனத் தனி லேயர் (படத்தின் அடுக்கு) எடுத்து, அதில் ஆளை அழித்து அவ்விடத்தைச் சுற்றியுள்ள காட்சியால் நிரப்பிய பிறகே மங்கலாக்குவது நல்லது. மங்கலாக்கும்போது பின்னணியின் நாய்ஸும் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள்) காணாமற்போவதால் ஆள் மட்டும் ஒட்டுப்படம்போல் நிற்கக்கூடும். ஃபோட்டோஷாப்பின் லென்ஸ் பிளரிலேயே நாய்ஸைத் திருப்பிச் சேர்க்கும் வசதி உண்டு.

காஸியனுக்கு உரிய இடம் வேறு. லேயரைப் பிரதியெடுத்து, மங்கலாக்கி, இரு லேயர்களையும் கலந்து படத்தை வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் முறையில் மேலே வைத்தால் கிடைக்கும் கனவு போன்ற ஒளிர்வுக்கு விளிம்பற்ற அந்தக் கரைதலே வேண்டும். வட்டங்கள் அங்கே இடைஞ்சல். மேலும், ஃபோட்டோஷாப்பில் காஸியனை, மூலப் படத்தை மாற்றாத ஸ்மார்ட் ஃபில்டராக வைத்து எப்போது வேண்டுமானாலும் அளவை மாற்றலாம். வழக்கமான லென்ஸ் பிளர் பிக்சல்களையே மாற்றிவிடுவதால், மூல லேயரின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். 2025 மார்ச்சில் வெளியான கிம்ப் 3.0-இலும், காஸியன் உள்ளிட்ட பல ஃபில்டர்களைப் பின்னர் திருத்த முடிகிறது. வாடிக்கையாளர் பலமுறை திருத்தம் கேட்கும் வேலையில் இந்த வசதிக்காகவே காஸியனைத் தேர்ந்தாலும் தவறில்லை, படத்தில் விளக்குகள் இல்லாதவரை.