"வெளிநாட்டுக்குத் தனி வாய்ஸ் லைன்" என்றால் பணத்தை எடுக்காதீர்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். மாணவிகளில் மூன்று பேர் நியூஜெர்சியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு கம்ப்யூட்டர் வழியாகத்தான் வகுப்பு. கொஞ்ச நாளாகக் குரல் விட்டு விட்டு வந்தது. ஒரு ஸ்வரம் கேட்கும், அடுத்தது கேட்காது. அதைச் சரிசெய்யப் போய் 18,500 ரூபாயைத் தொலைத்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் நம் ஊரில் தெருவுக்கு நாலு வீடு இருக்கிறார்கள். அவர்களும் இதில் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடை. வெளிநாட்டுக்குப் பேசத் தனி வாய்ஸ் லைன் தரும் பெட்டி என்று ஒன்றை விற்றார்கள். அங்கே இரண்டு கம்ப்யூட்டர்களில் ஹெட்போன் மாட்டி வைத்திருந்தார்கள். "பாடிப் பாருங்க டீச்சர். உங்க குரல் அமெரிக்கா போயிட்டுத் திரும்பி அந்த சிஸ்டத்துக்கு வருது" என்றார் கடைக்காரர். மோகனத்தில் நாலு வரி பாடினேன். அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டியிருந்த என் கணவர், "பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரியே இருக்கு" என்றார். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்! அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் நீல வயர் அந்த ஒரே பெட்டிக்குத்தான் போனது. கண்ணால் பார்த்தேன், அதன் அர்த்தம் அன்றைக்குப் புரியவில்லை. என் குரல் கடையின் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

பெட்டி 11,000, பொருத்தும் கூலி 5,000, "வெளிநாட்டு அழைப்பு லைசென்ஸ்" 2,500. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

காலை ஆறு மணி வகுப்பு நன்றாக நடந்தது. ஆனால் அது முன்பும் சுமாராகப் போய்க்கொண்டிருந்த நேரம்தான். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, அங்கே காலை ஒன்பது மணி, மறுபடியும் அதே கதை. போன் செய்தால் முதலில் "உங்க நெட் கம்பெனி சரியில்லை" என்றார்கள். அப்புறம், "அமெரிக்காவில் இருக்கிறவங்களும் இந்தப் பெட்டியை வாங்கினால்தான் வேலை செய்யும்" என்றார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எதிர்வீட்டுத் தம்பி இன்ஜினியரிங் படிக்கிறான். பெட்டியைத் திருப்பி, கடைப் பெயர் போட்டிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான். கீழே கம்பெனியின் அசல் லேபிள் இருந்தது. எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண வைஃபை ரவுட்டர். குரலுக்கென்று அதில் தனியாக ஒன்றுமே இல்லை.

லைசென்ஸ் கட்டணமும் பொய். இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதலே இணையவழிப் பேச்சுக்கு அனுமதி உண்டு. வீட்டு கம்ப்யூட்டரில் பேச நீங்களும் நானும் எந்த லைசென்ஸும் வாங்க வேண்டியதில்லை.

கடையில் குரல் உடனே கேட்டதே, அதுவே பொய்க்குச் சாட்சி என்று தம்பி விளக்கினான். சேலத்திலிருந்து நியூஜெர்சி நேர்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 135 மில்லிசெகண்டுக்கு (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிசெகண்ட்) குறைய வழியே இல்லை. கேபிள் நேராகவும் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். "டிலே கிடையாது" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சுக்கு இடைஞ்சல் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. ஆக, பேசலாம், சொல்லிக் கொடுக்கலாம். சேர்ந்து பாட முடியாது. நான் ஆதி தாளம் போட்டால் மாணவியின் தட்டு பின்தங்கித்தான் என்னிடம் வரும். அதை எந்தப் பெட்டியும் மாற்றாது.

பிறகு என் வீட்டிலேயே சோதித்தோம். ஒரு சின்னத் தகவலை அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பிங் சோதனை. முதலில் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரைக்கும் மட்டும். இரண்டு சுவர் தாண்டி வைஃபையில் 3 மில்லிசெகண்ட் என்று காட்டியது, அடுத்த நொடி 180, மறுபடி 5. இந்த ஏற்ற இறக்கம்தான் ஸ்வரத்தைத் தின்றது. வயரைச் செருகியதும் 1, 1, 1 என்று அசையாமல் நின்றது. மாலையில் அடுத்த அறையில் மகன் வீடியோ ஏற்றும்போது அமெரிக்காவுக்கான பிங் 240-லிருந்து 600-க்கு ஏறியது. அவன் நிறுத்தியதும் இறங்கியது. குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் போதும். கடையில் நெட் வேகம் 100 எம்பி, 200 எம்பி என்று பேசியதெல்லாம் எனக்குச் சம்பந்தமே இல்லாதது.

இன்னொன்று, பாட்டு வாத்தியார்களுக்கு முக்கியம்: தம்புரா சுருதி அந்தப் பக்கம் கேட்காமல் போவது லைன் கோளாறு இல்லை. ஒரே மாதிரி ஒலிப்பதை இரைச்சல் என்று நினைத்து மென்பொருளே அழித்துவிடுகிறது. இரைச்சல் நீக்கும் வசதியை செட்டிங்கில் அணைத்தோம், மறுநாளே மாணவி "சுருதி கேட்குது டீச்சர்" என்றாள்.

வயருக்கு ஆன செலவு 350 ரூபாய்.

யாராவது இப்படி விற்க வந்தால், உங்கள் வீட்டிலிருந்து, நீங்கள் பேசப்போகும் அதே ஆளோடு, வழக்கமாகப் பேசும் நேரத்தில் அரை மணி பேசிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்குள் காட்டும் டெமோவை வைத்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். சரியான பில் இல்லாததால், பணம் அனுப்பிய யுபிஐ விவரம், துண்டுச் சீட்டின் படம், உரித்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை. இதே பெட்டியை வாங்கியவர்கள் இருந்தால் இன்றைக்கே அதன் அடிப்பக்க ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். உரித்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.