பிரேக்கைத் தொட்டால் ஸ்டீயரிங் உதறும்: பிக்கப்போடு மூன்று வருடம்

ஆடித் தள்ளுபடியில் பிக்கப் விலையைக் குறைத்திருக்கிறார்களாம். போன வாரம் தாராபுரத்திலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "மாமா, நீங்க வச்சிருக்கிற அதே வண்டியவே எடுத்துரலாங்களா?" யோசிக்காமல் "வேண்டாம் மாப்ளே" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

இழுவை, எடை, மைலேஜ் எல்லாம் ஷோரூம் நோட்டீஸிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றி, திம்பம் மலை இறங்கி, சத்தி (சத்தியமங்கலம்), புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவை எம்.ஜி.ஆர். மார்க்கெட். வாரத்துக்கு இரண்டு மூன்று நடை. மூன்று வருடத்தில் 96,000 கிலோமீட்டர். இஞ்சினில் கை வைக்கவே இல்லை. ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. கிளட்ச் இன்னும் முதல் கிளட்ச்தான். இதெல்லாம் நியாயமாகச் சொல்ல வேண்டியவை, சொல்லிவிட்டேன்.

இனி பிரேக்.

38,000 கிலோமீட்டரில் ஆரம்பித்தது. 70-இல் போகும்போது பிரேக்கை மெதுவாகத் தொட்டால் ஸ்டீயரிங் சல்லடை சலிக்கிற மாதிரி இடமும் வலமுமாக உதறும். வேகம் குறையக் குறைய உதறலும் நிதானமாகி, 40-க்குக் கீழே காணாமல் போகும். டேஷ்போர்டில் வைத்திருக்கும் பண்ணாரி அம்மன் படம் கண்ணாடியில் கடகடவென்று தட்டும். வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது இன்னும் மோசம். பக்கத்தில் உட்கார்ந்து வந்த என் அம்மா ஒருநாள், "ஏஞ்சாமி, வண்டிக்குக் குளிர்காய்ச்சலா?" என்று கேட்டார்.

முதலில் டயர் கடைக்குப் போய் வீல் பேலன்ஸும் அலைன்மென்ட்டும் பார்த்தேன். இது என் முட்டாள்தனம். பேலன்ஸ் கோளாறு என்றால் பிரேக் போடாமல் ஓடும்போதே 80, 90-இல் நடுங்க வேண்டும். என் வண்டி பிரேக்கைத் தொடாதவரை தண்ணீர் மாதிரி ஓடியது. அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அடுத்து சர்வீஸ் சென்டர். "டிஸ்க் வளைஞ்சிருச்சுங்க" என்றார்கள். முன்சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; பிரேக் மிதித்தால் அதை இரண்டு பக்கமும் கவ்வுவது பேட். கடைசல் பிடித்து, புது பேட் போட்டுக் கொடுத்தார்கள். 3,000 கிலோமீட்டர் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதை. திரும்பப் போனேன். இந்த முறை இரண்டு டிஸ்க்கும் புதிது, பேடும் புதிது, கூலியோடு 9,400 ரூபாய். 5,000 கிலோமீட்டர் தாண்டியதும் அம்மன் படம் மறுபடி தட்ட ஆரம்பித்தது. போய்ச் சத்தம் போட்டேன். "மலை எறங்குற வண்டிங்ணா, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு பையன் சொன்னான். அன்றைக்கு இருந்த கோபத்தில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

இடையில் நானே ஒரு சோதனை செய்தேன். ஆள் இல்லாத நேர்ரோட்டில் 40-இல் போய், ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லிவரை மெல்ல மேலே இழுத்தேன். ஹேண்ட்பிரேக் பின் டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். வண்டி அதிராமல் வேகம் குறைந்தது. ஆக, பின்பக்கம் சுத்தம். பின் டிரம் கோணலாக இருந்தால் உதறல் ஸ்டீயரிங்கைவிட சீட்டில்தான் அதிகம் தெரியும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் மார்க்கெட்டில் ஒரு டிரைவர் சொல்லி, சத்தி ரோட்டில் கணபதியில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வாங்கிப் பார்த்த பெரியவர், "இத மட்டும் கொண்டாந்தா நான் என்ன சொல்றதுங்க? இது உக்கார்ற எடத்தப் பார்க்கோணும். வண்டியக் கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வண்டியோடு போனேன். வீலைக் கழற்றி, நட்டுகளை மறுபடி மாட்டி டிஸ்க்கை அது உட்காரும் ஹப்போடு இறுக்கி, நூலிழை ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜைக் காந்த ஸ்டாண்டில் மாட்டி, அதன் முனையை டிஸ்க் முகத்தில் விளிம்பை ஒட்டி வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. 0.14 மில்லிமீட்டர் ஆட்டம். அதிகம் ஆடிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் தடிமன் பார்த்தார். கோட்டுக்கு நேரே 0.03 மெலிந்திருந்தது. டிஸ்க்கைக் கழற்றினால், ஹப் முகத்தில் ஒரு போல்ட் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துருப்பொறுக்கு. நசுங்கி நசுங்கிக் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. புது டிஸ்க் போட்டவர்கள் அதன் மேலேயே வைத்து இறுக்கியிருக்கிறார்கள்.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஹப் முகத்தில் மயிரிழை தடிமனில் துரு இருந்தால் டிஸ்க் விளிம்பில் அந்த ஆட்டம் இரண்டு மடங்காகிவிடும். புதிதாகப் போட்ட அன்று உதறாது, ஏனென்றால் பேடைத் தாங்கிப் பிடித்திருக்கும் காலிபர் ஆட்டத்தோடு கூடவே நகர்ந்து கொடுக்கும். ஆனால் பிரேக் போடாமல் ஓடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை உரசிக்கொண்டே போகும். 70-இல் நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது சுற்று. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்தால் தடித்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி வந்து பிடியை ஏற்றி இறக்கும். நம் கைக்கு வருவது அந்த உதறல்தான். 3,000, 5,000 என்று தவணை வைத்துக்கொண்டு திரும்பி வந்த மர்மம் இவ்வளவுதான். டிஸ்க் எங்கேயும் வளையவே இல்லை.

வயர் பிரஷ், அப்புறம் உப்புத்தாள். பத்து நிமிடம் தேய்த்தார். டிஸ்க் விளிம்பில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்துவிட்டு, மெல்லிசாக ஒரு கடைசல். திரும்ப மாட்டியதும் முள் 0.04-க்குள் நின்றது. நட்டுகளை ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். நான் பஞ்சரானால் ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்குகிற ஆள். சொன்னேன். முறைத்தார்.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை மடக்கியது. "மலை எறங்கினதும் வண்டிய எங்க நிறுத்துவீங்க?" பண்ணாரி செக்போஸ்ட்டில் என்றேன். "கால் எங்க இருக்கும்?" பிரேக்கில்தான். 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும்போது, வரிசையில் பத்து நிமிடம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நின்றால், பேடின் பூச்சு அந்த ஒரு இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளுமாம். துரு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பழி முழுவதையும் மற்ற நடைகளுக்கு என் வண்டியை ஓட்டும் டிரைவர் பையன் மேல் போட்டிருந்தேன். பெரும்பாலான நடை இறங்குவது நான்தான்.

இப்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் இஞ்சின் பிடியிலேயே இறங்குகிறேன். செக்போஸ்ட்டில் நின்றதும் இஞ்சினை அணைத்து, கியரைப் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுகிறேன். பின்னால் வருகிற லாரிக்காரர் அவசரப்பட்டு ஹாரன் அடிக்கிறார், அடிக்கட்டும். பட்டறையில் ஆன செலவு 1,100 ரூபாய். அதற்குப் பிறகு 6,200 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அம்மன் படம் அசையவில்லை.

ஆக, வண்டி மேல் குற்றமே இல்லை. துரு எந்த வண்டிக்கும் வரும். துடைக்காமல் விட்டது சர்வீஸ் சென்டர், மிதித்துப் பிடித்தது என் கால். இவ்வளவையும் மச்சினனிடம் நேற்று ஒப்பித்தேன். "அப்ப எடுத்துரலாங்களா மாமா?" என்றான்.

வேண்டாம் என்றுதான் மறுபடியும் வாயில் வந்தது. ஒன்றரை வருடமாக, முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட் எரிந்தாலே கை தானாக ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கும். இன்னும் பிடிக்கிறது.

"சரி, அப்படின்னா உங்க வண்டிய எனக்குக் குடுத்துருங்க" என்றான்.

அதை எதற்குக் கொடுக்கிறேன்?