ஐந்து பெட்டியிலும் ஒரே நம்பர்: மவுஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மண்டபத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். போன ஒன்றரை வருஷத்தில் மவுஸ் மட்டும் ஏழு வாங்கினேன். அதில் ஐந்து செத்துப்போனது. போன காசைவிட, நான் எதை நம்பி ஏமாந்தேன் என்பதுதான் உறுத்துகிறது. நம் கடலோரத்தில் இதே கதை வேறு கடைகளிலும் நடந்துகொண்டிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மவுஸ் ஒரேயடியாகச் சாகாது. ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுக்கியதாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் எப்போதாவது படம் பார்க்கிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. என் வேலையில் அது நரகம். ஒரு நாள் சாயங்காலம், மகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட ஒரு அக்கா வந்திருந்தார். பக்கம் பக்கமாக நிரப்பி, கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்ற கட்டத்தில் டிக் போடுகிறேன். டிக் விழுகிறது, விழுந்த வேகத்தில் போய்விடுகிறது. மறுபடி போடுகிறேன், மறுபடி போகிறது. "என்ன தம்பி, நான் சொன்னதுல ஏதும் பொய் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுதா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அடுத்து மேலே திறந்திருந்த இன்னொரு ஜன்னலை மூடுவதற்கு ஒரு கிளிக் செய்தேன். அதோடு சேர்த்து அடியில் இருந்த விண்ணப்பமும் மூடிக்கொண்டது. அப்போது சிரிப்பு வரவில்லை. ஒன்று முதல் மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். அந்த அக்கா கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார்.

முதல் மவுஸ் ஐந்து மாதம் உழைத்தது. இரண்டாவது நாலே மாதம். இரண்டையும் வாங்கியது ராமநாதபுரம் டவுனில் ஒரே கடையில். கடையின் பெயர் வேண்டாம், சொல்லி வம்பில் மாட்ட நான் தயாராக இல்லை. இரண்டாவது போனபோது கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "எங்கிட்டுண்ணே கடை? மண்டபமா? அட, அங்கிட்டு உப்புக் காத்துண்ணே. தங்கத்தைக் கொண்டுபோய் வச்சாலும் கறுத்துரும்" என்றார்.

நான் நம்பிவிட்டேன். இந்த ஊர்க்காரன் நம்பாமல் என்ன செய்வான்? வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கடையைத் திறந்தால் மேசையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு மணல், அவ்வளவு பிசுபிசுப்பு. இரும்பை இந்தக் காற்று எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சோதிப்பதற்காகவே காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) இங்கே ஒரு மையம் வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை எத்தனை தடவை சுரண்டிப் பெயின்ட் அடித்தாலும் அரிப்பு விடவில்லை. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தனிப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். பாலத்தையே தின்கிற காற்று மவுஸை விடுமா என்றுதான் எனக்கும் தோன்றியது.

அந்த நம்பிக்கையை வைத்துத்தான் கடைக்காரர் அடுத்த வியாபாரத்தை முடித்தார். "எப்படியும் போகப் போகுது. பெரிய கம்பெனி சரக்கு, மூணு வருஷம் வாரண்டி. அஞ்சா எடுத்துக்கங்க, நானூத்தம்பதுன்னு போட்டுத் தாரேன்." பெட்டியில் எம்ஆர்பி 699 ரூபாய். பில் கேட்டேன். "பில்லுன்னா பதினெட்டு பர்சன்ட் ஏறும்ணே. நமக்குள்ள எதுக்கு? எஸ்டிமேட் தாரேன்." துண்டுச் சீட்டில் 'மவுஸ் 5, 2250' என்று எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, தேதி மட்டும் இருந்தது. எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் அதற்குள் அடக்கம், அதற்குக் கீழே எவ்வளவுக்கு விற்றாலும் பில் போடத்தான் வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. நானூறு ஐந்நூறு மிச்சம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

ஆறு மாதத்துக்குள் ஐந்தில் மூன்று போய்விட்டது. போன் பண்ணினேன். "கம்ப்யூட்டர்ல டபுள் கிளிக் ஸ்பீடைக் கொறைச்சு வைங்கண்ணே, சரியாயிரும்" என்றார். ஆகவில்லை. ஆகவும் ஆகாது. இரண்டு கிளிக்குக்கு நடுவே எவ்வளவு நேரம் இருந்தால் அதை டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்வது என்பதைத்தான் அந்த அமைப்பு முடிவு செய்கிறது. விண்டோஸில் வழக்கமாக 500 மில்லி செகண்டில் இருக்கும், அந்த நேரத்தை எவ்வளவு சுருக்கினாலும் 200-க்குக் கீழே இறங்காது. கெட்டுப்போன பட்டன் அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே இரண்டு தடவை துள்ளி முடித்துவிடும்.

இந்தக் கோபத்தில்தான் மவுஸ் செய்த கம்பெனியின் உதவி எண்ணுக்கே அடித்தேன். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைக் கேட்டார்கள், சொன்னேன். கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு, அப்படி ஒரு நம்பர் தங்களிடம் இல்லை, பெட்டியில் இருப்பதையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். என் கடையில் வேலை பார்க்கிற தங்கச்சியிடம் அலமாரியில் இருந்து பெட்டிகளை எடுக்கச் சொன்னேன். அவள் ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்தாள், குனிந்து பார்த்தாள், நிமிரவே இல்லை. "அண்ணே, அஞ்சுலயும் ஒரே நம்பர்ணே."

ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய நம்பர் அது. ஐந்து பெட்டி, ஐந்து மவுஸ், பத்து இடத்திலும் ஒரே எண். ஆறு மாதமாக என் தலைக்கு மேல் அலமாரியில் இருந்திருக்கிறது.

அன்று ராத்திரியே செத்த ஒன்றைப் பிரித்தேன். திருகாணி வெளியே தெரியாது, அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் பட்டையை உரித்தால் அதன் கீழே இருக்கும். உள்ளே பார்த்ததும் எனக்கு வாயடைத்துவிட்டது. கையளவு காலி இடம், ஒரு சின்னப் பச்சைப் பலகை, பிறகு நடுவில் ஒரு இரும்புத் துண்டு. அதற்கு ஒயரும் கிடையாது, வேலையும் கிடையாது. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், கனமாக இருந்தால் நல்ல பொருள் என்று நாம் நினைப்போம், அவ்வளவுதான். அந்த இரும்பு மட்டும் நன்றாகத் துருப்பிடித்திருந்தது. எங்கள் ஊர்க் காற்று தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது!

இடது பட்டனுக்குக் கீழே இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிதான் சுவிட்ச். அதற்குள் தலைமுடி போல மெல்லிய செப்புத் தகடு ஒன்று வளைந்து நிற்கும். அமுக்கும்போது கீழே போய்த் தொடும், விட்டதும் துள்ளி மேலே வரும். 'டிக்' என்ற சத்தம் அந்தத் தகடு போடுவது. தகட்டின் விறைப்பு போய்விட்டாலோ, தொடுகிற முனையில் கறை ஏறிவிட்டாலோ ஒரு தொடுதல் இரண்டாக உடைகிறது. மவுஸில் ஓடும் மின்சாரம் மிகச் சொற்பம், கறையை எரித்துக்கொண்டு போகிற தெம்பு அதற்குக் கிடையாது. அதனால் ஒரு தடவை கறை பிடித்தால் நாளுக்கு நாள் மோசமாகுமே தவிரக் குறையாது.

பெட்டியில் '1 கோடி கிளிக்' என்று போட்டிருந்தார்கள். 1 கோடி கிளிக் தாங்கும் சுவிட்சுகள் உண்மையிலேயே உண்டு, 5 கோடி என்று வருவதும் உண்டு. என் கடையில் ஒரு மவுஸ் ஒரு நாளைக்கு 4,000 கிளிக் வாங்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமாராக 1 லட்சம். 1 கோடி ஆக எட்டு வருஷம் ஆகும். இது நாலு மாதத்தில் நாலு லட்சத்தோடு படுத்துவிட்டது. சுவிட்சின் மேல் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை, மொட்டையாக இருந்தது.

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது இன்னொரு மவுஸ். மூன்றாவது கம்ப்யூட்டரில் இருக்கிறது, 2011-ல் அந்தக் கம்ப்யூட்டரோடு வந்தது. அதே மேசை, அதே ஜன்னல், அதே கச்சான். நடுச் சக்கரம் கொஞ்சம் குதிக்கும், ஒயர் மஞ்சளாகிவிட்டது, ஆனால் பட்டன் இன்றைக்கும் ஒரு அமுக்குக்கு ஒரு கிளிக்தான். உப்புக் காற்று அதன் மேல் மட்டும் அடிக்கவில்லையா? உப்பால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. யுஎஸ்பி முனை கறுத்துப்போகும், சக்கரம் மக்கர் பண்ணும், மேலே ரப்பர் பூச்சு இருந்தால் இந்த ஈரத்துக்குக் கையில் ஒட்டும். ஆனால் நாலு மாதக் கணக்கைக் கடல் தலையில் எழுத முடியாது.

டவுனுக்குப் போய் ஐந்து பெட்டியையும் மேசையில் வைத்தேன். முதலில் "நம்ம கடையில வாங்குனதா?" என்றார். எஸ்டிமேட் சீட்டைக் காட்டினேன். "இதுல கடைப் பேரே இல்லையேண்ணே" என்றார். நான் 450-க்கு மயங்கிய நாளிலேயே இந்த வசனம் தயாராக இருந்திருக்கிறது. நல்லவேளை, பணத்தை போனில்தான் அனுப்பியிருந்தேன். தேதி, தொகை, யாருக்குப் போனது என்பது எல்லாம் அதில் இருந்தது. அதைக் காட்டியதும் குரல் மாறியது. "எனக்கு மேல இருந்து வர்ற சரக்குண்ணே, நான் என்ன செய்ய? வித்த பொருளைத் திரும்ப வாங்குற பழக்கம் இல்ல."

என்னிடம் டைப்பிங்குக்கு வரும் வக்கீல் தம்பி ஒருவர்தான் வழி சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே முறைகேடான வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே கணக்கு. "30 நாள் எப்பவோ தாண்டிருச்சேப்பா" என்றேன். "அது நல்ல பொருளா வித்துக் கெட்டுப்போனா பாக்க வேண்டியதுண்ணே. இது போலிச் சரக்கு, வித்த அன்னைக்கே ஏமாத்துதான்" என்றார். கடைக்கு வாங்கியது வியாபாரம் ஆகிவிடாதா என்று கேட்டேன். சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்கிறவன் தன் தொழிலுக்கு வாங்கினால் அவனும் நுகர்வோர்தானாம். 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கும் இப்படித்தான். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். பணம் அனுப்பிய படம், ஐந்து பெட்டிகளையும் வரிசையாக வைத்து எடுத்த படம், இரண்டையும் புகாரோடு ஏற்றிவிட்டேன். பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அந்தத் தங்கச்சியின் புண்ணியம். நானாக இருந்தால் அன்றே குப்பையில் போட்டிருப்பேன்.

இப்போது மவுஸ் வாங்கினால் கடையிலேயே பெட்டி நம்பரையும் அடியில் உள்ள நம்பரையும் ஒத்துப் பார்க்கிறேன். பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தால் அதையும் வாங்கிப் பார்க்கிறேன். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்கிறேன், முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுகிறேன். வீட்டில் சந்தேகமாக இருக்கிற மவுஸை, விண்டோஸில் படம் வரைவதற்கு இருக்கும் 'பெயின்ட்' செயலியில் சோதிக்கலாம்: இடது பட்டனை அமுக்கிப் பிடித்தபடி மெதுவாக ஒரு நீளக் கோடு போடுங்கள், கோடு நடுவில் அறுந்தால் சுவிட்ச் போய்விட்டது. அதற்காக மவுஸையே தூக்கிப் போட வேண்டியதில்லை. பாம்பனில் செல்போன் சர்வீஸ் பண்ணும் தம்பி ஒருவன் பேர் போட்ட நல்ல சுவிட்சை வாங்கி, மூன்று காலையும் சால்டரிங் பண்ணி, செத்த மூன்றில் ஒன்றை எழுப்பிக் கொடுத்தான். சுவிட்ச் இருபது ரூபாய், கூலி முப்பது. இரண்டு மாதமாக ஒழுங்காக ஓடுகிறது. மற்ற இரண்டிலும் இருந்த இரும்புத் துண்டுகளை எடுத்து டேப் சுற்றி வைத்திருக்கிறேன், ஃபேன் காற்றில் விண்ணப்பத் தாள் பறக்காமல் இருக்கிறது.

புகார் போன மூன்றாவது வாரம் கடைக்காரரே போன் பண்ணினார். "இதுக்குப் போய் இவ்வளவு தூரம் போகணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு 2,250 ரூபாயையும் அனுப்பிவிட்டார். முதல் இரண்டு மவுஸுக்கு என் கையில் சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. அந்தக் காசு போனது போனதுதான். பணம் வந்த மறுநாள் இன்னொரு போன். இன்னும் சாகாத இரண்டு மவுஸையும் ஐந்து பெட்டியையும் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "கம்பெனிக்குத் திருப்பணும்ணே" என்றார். எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. கொடுத்தால் தொண்டியிலோ ஏர்வாடியிலோ இன்னொருவர் தலையில் கட்டுவார். பெட்டிகள் என் கடை அலமாரியில்தான் இருக்கின்றன, நம்பர் தெரிகிற பக்கம் வெளியே திருப்பி வைத்திருக்கிறேன்.